மலையில் ஓர் இரவு: கூடாரமா, பிவி பையா, தார்ப்பாயா, குடிலா?

பிரிட்டன் மலைகளில் பகல் நடையாகப் போய்ப் பழகியவர்களுக்கு நாலைந்து நடை முடிந்ததும் ஓர் ஆசை வரும்: சாயங்காலம் கார் நிறுத்துமிடத்துக்கு இறங்காமல் மேலேயே ஒரு ராத்திரி படுத்து எழ வேண்டும். வேலைக்கும் படிப்புக்கும் அங்கே போயிருக்கும் தமிழர்களும் இப்போது நிறையக் கேட்கிறார்கள்: "எதை வாங்குவது?" கடையில் எடையைச் சொல்வார்கள், விலையைச் சொல்வார்கள். ஆனால் அவற்றுக்கு முன்னால் உங்களையே நீங்கள் கேட்டுக்கொள்ள வேண்டியது, எந்த மாதம், எந்த மலை என்பதுதான். ஸ்காட்லாந்தின் ஹைலேண்ட்ஸ் மலைகளில் மே முதல் வாரத்தில் சொர்க்கமாக இருக்கும் ஒரு பிவி பை (ஸ்லீப்பிங் பேக்குக்கு மேல் போடும் நீர்புகாத உறை), அதே மலையில், அதே புல்தரையில், ஜூலையில் படுக்கவே விடாது.

## எதை வைத்து எடை போடுவது

மிட்ஜ். ஸ்காட்லாந்தின் மேற்கு மலைகளில் மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை பறக்கும் கடிபூச்சி. சிறகு ஒன்றரை மில்லிமீட்டர்கூட இருக்காது. சாதாரணக் கொசுவலையின் கண்ணுக்குள் நுழைந்து வந்துவிடும். விடியற்காலையும் அந்தி நேரமும், காற்று அடங்கி மப்பும் மந்தாரமுமாக இருக்கும் பொழுதும் அதற்குப் பிடித்தவை. மணிக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்தாலே அதனால் பறக்க முடியாது. கடிக்கும் ஒரு பூச்சி விடும் வாசனை மற்றவற்றைக் கூட்டி வரும் என்பதால், ஒன்று இரண்டு என்று தொடங்குவது ஐந்து நிமிடத்தில் புகைமூட்டம் மாதிரி ஆகிவிடும். மற்ற எல்லா அளவுகோல்களையும்விட இதற்கு முதலிடம் கொடுங்கள்.

இரவின் நீளம். ஸ்காட்லாந்தின் கெய்ர்ன்கார்ம்ஸ் மலைகளில் ஜூன் மூன்றாம் வாரத்தில் சூரியன் மறைவதற்கும் உதிப்பதற்கும் நடுவே ஆறு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் இருக்கும். டிசம்பரில் அதே இடத்தில் பதினேழு மணி நேரம். ஆறு மணி நேரம் எதற்குள்ளும் படுத்துவிடலாம். பதினேழு மணி நேரம் எழுந்து உட்கார இடமில்லாத பைக்குள் கிடப்பது வேறு விஷயம்.

காற்று. மரம் கிடையாது, மறைப்பு கிடையாது. பள்ளத்தாக்கில் சட்டை படபடக்கும் காற்று, 800 மீட்டரில் ஆளைத் தள்ளும். உயரம் 1000 மீட்டர் கூடினால் வெப்பம் சராசரியாக 6.5 டிகிரி குறையும் என்ற கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஈரம். மேலிருந்து மழை, கீழிருந்து சதுப்பு, உள்ளிருந்து உங்கள் மூச்சு. மூன்றாவதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்.

சட்டம். ஸ்காட்லாந்தில் 2003ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டம் பெரும்பாலான திறந்த நிலத்தில் பொறுப்போடு கூடாரம் அடிக்க உரிமை தருகிறது. முக்கியமான விலக்கு லோக் லோமண்ட், ட்ராசக்ஸ் தேசியப் பூங்காவின் சில ஏரிக்கரைப் பகுதிகள்: மார்ச் 1 முதல் செப்டம்பர் 30 வரை அங்கே அனுமதிச் சீட்டு வேண்டும். வெஸ்ட் ஹைலேண்ட் வே என்ற நெடுந்தூர நடைபாதையில் போகிறவர்கள் லோக் லோமண்ட் ஏரியின் கிழக்குக் கரையில் இதில் மாட்டிக்கொள்கிறார்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அப்படிப் பொது உரிமை இல்லை. நில உரிமையாளரின் சம்மதம் வேண்டும். தென்மேற்கு இங்கிலாந்தின் டார்ட்மூர் மட்டும் தனி. 1985ஆம் ஆண்டுச் சட்டத்தில் உள்ள 'திறந்தவெளிப் பொழுதுபோக்கு' என்ற சொல்லுக்குள் கூடாரம் அடிப்பதும் அடங்குமா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2025 மே மாதம் 'அடங்கும்' என்று தீர்ப்பானது. அங்கேயும் எல்லாப் பொதுநிலத்திலும் அல்ல. டார்ட்மூர் தேசியப் பூங்கா வெளியிடும் வரைபடத்தைப் பார்த்துத்தான் இடம் தேர வேண்டும். வடக்கு டார்ட்மூரில் ராணுவச் சுடுதளங்கள் இருப்பதால் சுடும் நேர அட்டவணையையும் பார்த்தாக வேண்டும். வடமேற்கு இங்கிலாந்தின் லேக் டிஸ்ட்ரிக்டில் சட்டப்படி உரிமை இல்லாவிட்டாலும், மலையின் கடைசிக் கற்சுவருக்கு மேலே, இருட்டுகிற நேரத்தில் வந்து, விடிந்ததும் தடயம் இல்லாமல் கிளம்புபவர்களைப் பொதுவாக விட்டுவிடும் வழக்கம் உண்டு.

சட்டத்துக்கும் கூடாரத் தேர்வுக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். வழக்கத்தின் தயவில் படுக்கும் இடத்தில் உங்கள் தங்குமிடம் எவ்வளவு தாழ்வாக, எவ்வளவு மங்கலான நிறத்தில் இருக்கிறது என்பதும் ஓர் அளவுகோல்தான்.

## நான்கும் அருகருகே

| | கூடாரம் (ஒருவர்) | பிவி பை | தார்ப்பாய் | மலைக்குடில் |
|---|---|---|---|---|
| கடையில் சொல்லும் எடை | 1–1.5 கிலோ | 300–900 கிராம் | 400–700 கிராம் | எதுவும் இல்லை |
| உண்மையில் சுமப்பது | அதோடு நனைந்த ஈரம் | வலை, சிறு மேற்துணி, கனத்த ஸ்லீப்பிங் பேக் | தரைவிரிப்பு, பூச்சி வலை, முளைகள் | கூடாரமும் விறகும் |
| மிட்ஜ் | நன்றாகத் தடுக்கும் | முகத்துக்கு வலை இருந்தால் சமாளிக்கலாம் | தடுக்காது | கதவு சாத்தினால் தேவலை |
| பலத்த காற்று | அடிக்கும் விதத்தைப் பொறுத்தது | மிக நன்று | தாழ்த்திக் கட்டத் தெரிந்தால் சரி | கவலையே இல்லை |
| மழையில் சமையல் | வாசல் கூரையின் கீழ் முடியும் | முடியாது | மிகச் சிறப்பு | சிறப்பு |
| இடம் தேரும் சுதந்திரம் | நடுத்தரம் | மிக அதிகம் | குறைவு | அறவே இல்லை |

## கூடாரம்

முதலில் ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் இதுதான். பிரிட்டன் வானிலைக்கென்று கவனிக்க வேண்டியது எடையைவிட மூன்று விஷயங்கள்.

முதலாவது, வெளித்துணி முதலில் எழும் வடிவமா, உள்துணி முதலில் எழும் வடிவமா என்பது. வறண்ட நாடுகளுக்கென்று செய்த பல கூடாரங்களில் வலையாலான உள்ளறையை நிறுத்திவிட்டு அதன்மேல் வெளித்துணியைப் போர்த்த வேண்டும். லேக் டிஸ்ட்ரிக்டின் சீத்வெய்ட்டில் ஆண்டுக்கு 3000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிறது. அதற்கு மேலே ஸ்ப்ரிங்க்ளிங் டார்ன் குளக்கரையில் இந்த வகையை விரித்தால், போர்த்தி முடிப்பதற்குள் தரையில் தண்ணீர் தேங்கிவிடும். இரண்டும் சேர்ந்தே எழுகிற அல்லது வெளித்துணி முதலில் எழுகிற வடிவத்தை வாங்குங்கள். கையில் இருப்பது மற்ற வகை என்றால், தண்ணீர் உறிஞ்சும் மைக்ரோஃபைபர் துணி ஒன்றை எப்போதும் மேலே எடுக்கிற மாதிரி வையுங்கள்.

இரண்டாவது, உள்ளறை முழுக்க வலையா, துணியும் வலையும் கலந்ததா என்பது. முழு வலை மிட்ஜைத் தடுக்கும், ஆனால் காற்று உள்ளே ஊதிக்கொண்டே இருக்கும். அக்டோபருக்குப் பிறகும் போகிறவர்களுக்குப் பாதிக்கு மேல் துணியாலானது உகந்தது.

மூன்றாவது, வெளித்துணியின் பொருள். சிலிக்கான் பூசிய நைலான் உறுதியானது, லேசானது. ஆனால் நனைந்தால் தொய்யும். விறைப்பாகக் கட்டிவிட்டுத் தூங்கிய கூடாரம் நள்ளிரவில் தொளதொளத்து முகத்தில் ஈரமாக அறைவது இதனால்தான். மழை பிடித்த அரைமணி நேரம் கழித்து வெளியே வந்து எல்லா இழுகயிறுகளையும் ஒருமுறை இறுக்கிவிட்டால் அந்தத் தொல்லை பெரும்பாலும் தீரும். பாலியஸ்டர் துணி இவ்வளவு தொய்யாது.

காற்றில் அடிக்கும் வரிசை முக்கியம். குறுகலான முனை அல்லது கால்மாட்டுப் பக்கம் காற்றை நோக்கி இருக்கட்டும். துணியைப் பிரிப்பதற்கு முன்பே ஒரு முளையைக் கையில் வைத்துக்கொண்டு, காற்று வரும் பக்கத்து மூலையை முதலில் அறைந்துவிடுங்கள். அதற்குப் பிறகுதான் மற்றதைப் பையிலிருந்து உருவ வேண்டும். கம்பியைச் செருகி, எதிர்முனையை இழுத்து முளை அடித்து, கடைசியில் பக்கவாட்டு இழுகயிறுகள். முளையின் தலை கூடாரத்திலிருந்து விலகிச் சாய்ந்திருக்க வேண்டும். கூடாரத்தோடு வரும் மெல்லிய கம்பி முளைகள் கரிச்சேற்று நிலத்தில் வெண்ணெயில் குத்திய ஊசி மாதிரி உருவிக்கொண்டு வரும். ஒய் வடிவ அலுமினிய முளை, 16 முதல் 18 சென்டிமீட்டர் நீளத்தில், குறைந்தது எட்டு வாங்கி மாற்றிக்கொள்ளுங்கள். மலைக் கூடாரங்கள் கிழிந்து வீணாவதைவிட முளை பிடுங்கிக்கொண்டு வீணாவதே அதிகம்.

மறைந்திருக்கும் செலவு: நல்ல முளைகள், பழுதுபார்க்கும் ஒட்டுத்துணி, கம்பி உடைந்தால் செருகும் சிறு குழாய். சில சிலிக்கான் துணிக் கூடாரங்களுக்குத் தையல் வழியே ஒழுகாமல் பசை பூசும் வேலையும் உங்கள் தலையில் விழும், வாங்கும்போதே கேளுங்கள். மறைந்திருக்கும் எடை: மழையில் சுருட்டிய கூடாரம் காலையில் 300 முதல் 500 கிராம் கூடியிருக்கும்.

சமையலைப் பற்றி ஒன்று. வாசல் கூரையின் கீழ் அடுப்பு பற்ற வைத்தால் கதவு பாதியாவது திறந்திருக்க வேண்டும். மிட்ஜுக்குப் பயந்து எல்லா ஜிப்பையும் மூடிவிட்டுச் சமைப்பவர்கள் கார்பன் மோனாக்சைடை மறந்துவிடுகிறார்கள். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை.

## பிவி பை

ஸ்லீப்பிங் பேக்குக்கு மேல் போடும் நீர்புகாத உறை. முளை இல்லை, கம்பி இல்லை. ஆள் படுக்கிற அளவு சமதரை கிடைத்தால் போதும், பாறை இடுக்கில்கூட இரவைக் கழிக்கலாம். தலைமாட்டில் சிறு வளையம் வைத்த வகை 700 முதல் 900 கிராம். வெறும் உறை 300 முதல் 500 கிராம். பிரிட்டிஷ் ராணுவத்தில் கழித்துவிட்ட கோர்டெக்ஸ் (நீர்புகாத, ஆனால் நீராவியை வெளியே விடும் துணி) பைகள் பழைய பொருள் கடைகளில் மலிவாகக் கிடைக்கின்றன. கனம்தான், ஆனால் அந்த விலைக்கு அதைவிட நல்லது கிடைப்பது கஷ்டம். ஆரஞ்சு நிற பாலித்தீன் அவசரப் பை வேறு. அதற்குள் ஓர் இரவு படுத்தால் உங்கள் வியர்வையிலேயே நனைந்து எழுவீர்கள்.

பையின் பலவீனம் என்னவென்று கிட்டப் போய்ப் பார்த்தால் புரியும். குளிர்ந்த இரவில் தலையை உள்ளே இழுத்துக்கொள்ளத் தோன்றும். மூச்சின் நீராவி உறையின் உட்புறத்தில் பட்டுக் குளிர்ந்து துளியாகும். துளி ஸ்லீப்பிங் பேக்கின் கழுத்துப் பகுதியில் இறங்கும். இறகு அடைத்த பையாக இருந்தால் அந்த இடத்தில் இறகு ஒட்டி, உப்பல் போய், விடியற்காலை நான்கு மணிக்குத் தோளில் சில்லென்று ஒரு கோடு ஓடும். முதல் நாள் இது பொறுக்கும். காயவைக்க வெயில் இல்லாத இரண்டாம் நாள் அதே பைக்குள் படுப்பது ஆபத்தான குளிர். அதனால் மூக்கும் வாயும் வெளியே இருக்கும்படி கயிற்றைச் சுருக்கிக் கட்டுங்கள். இரண்டு இரவுக்கு மேல் என்றால் செயற்கை இழை அடைத்த பை எடுங்கள்.

இன்னொரு கஷ்டம், மழையில் உடை மாற்றவோ காலணி கழற்றவோ இடம் இல்லாதது. பையைத் திறக்கும் அந்த அரை நிமிடத்தில் போகும் தண்ணீர் இரவு முழுவதும் உங்களோடு இருக்கும். அதனால் அனுபவசாலிகள் தலைக்கு மேல் கட்ட ஒரு சிறு துணி எடுத்துப் போகிறார்கள். அதையும், முகவலையையும், கூடுதல் கனமான ஸ்லீப்பிங் பேக்கையும் கூட்டிப் பாருங்கள். லேசான ஒருவர் கூடாரத்தின் எடை கிட்டத்தட்ட வந்துவிடும்.

பிறகு எதற்கு இது? மூன்று சந்தர்ப்பங்களில் இதற்கு ஈடில்லை. ஏப்ரல் கடைசியிலிருந்து மே நடுப்பகுதி வரை: மேற்கு ஹைலேண்ட்ஸில் ஆண்டின் வறண்ட நாட்கள் பெரும்பாலும் அப்போதுதான், மிட்ஜ் இன்னும் கிளம்பியிருக்காது, இரவும் சுருக்கம். அடுத்து, உயர் அழுத்தம் நிலைத்து நிற்கும் தெளிந்த வானத்தில், சிகரத்தின்மேலேயே படுத்து விடியலைப் பார்க்க வேண்டும் என்றால். கடைசியாக, லேக் டிஸ்ட்ரிக்ட் மாதிரி கண்ணில் படாமல் தங்க வேண்டிய இடங்களில். முழங்கால் உயரம்கூட இல்லாத பச்சைப் பையை எதிர்ச்சரிவில் நிற்பவர் பார்க்கவே முடியாது.

## தார்ப்பாய்

3 மீட்டருக்கு 3 மீட்டர் துணி, இரண்டு நடைக்கோல்கள், எட்டு முளை, கயிறு. உட்கார்ந்து சமைக்கலாம், காற்றோட்டத்தில் ஈரம் கோக்காது, ஒரே துணியைப் பத்து விதமாகக் கட்டலாம். ஆனால் பிரிட்டன் மலைகளில் இதைத் தனியாக நம்புவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. நள்ளிரவில் காற்று திசை மாறினால் திறந்த பக்கம் காற்றை நோக்கிவிடும். எழுந்து முழுவதையும் அவிழ்த்துத் திருப்பிக் கட்ட வேண்டும். மிட்ஜுக்கு இது திறந்த வீடு. உள்ளே தொங்கவிடும் வலையறை வாங்கினால் மீண்டும் 300 முதல் 500 கிராம்.

காட்டோரம் தங்குகிறவர்களுக்கும், மலை அடிவாரத்தில் நடந்துகொண்டே பல நாள் போகிறவர்களுக்கும், பிவி பையோடு துணைக்கு எடுப்பவர்களுக்கும் இது நல்லது. துணைக்கு என்றால் 3 மீட்டர் தேவையில்லை, பாதி அளவே போதும்.

## மலைக்குடில்

ஆட்டிடையர்களும் வேட்டைக் காவலர்களும் கைவிட்டுப் போன கல்வீடுகள். அங்கே 'பொத்தி' என்பார்கள். 1965இல் தொடங்கிய மவுண்டன் பொத்தீஸ் அசோசியேஷன் என்ற தன்னார்வ அமைப்பு, தென்மேற்கு ஸ்காட்லாந்தின் காலோவே மலைகளில் டன்ஸ்கீன் குடிலில் தொடங்கி, இன்று ஏறத்தாழ நூறு குடில்களைப் பராமரிக்கிறது. பெரும்பாலானவை ஸ்காட்லாந்தில், சில வட இங்கிலாந்திலும் வேல்ஸிலும். பூட்டு இல்லை, முன்பதிவு இல்லை, கட்டணம் இல்லை. அந்த வீடுகள் அமைப்புக்குச் சொந்தமானவையும் அல்ல. நில உரிமையாளர்கள் விட்டுக்கொடுப்பதால்தான் கதவு திறந்திருக்கிறது.

உள்ளே போனால் என்ன இருக்கும் என்று தெரிந்துகொண்டு போங்கள். கல் தரை, பலகையாலான படுக்கை மேடை, ஒரு மேசை, சிலவற்றில் இரும்பு அடுப்பு, ஒரு மண்வெட்டி, வந்தவர்கள் எழுதும் நோட்டுப் புத்தகம். குழாய் கிடையாது, மின்சாரம் கிடையாது. டெவில்ஸ் பாயின்ட் சிகரத்தின் கீழ் லைரிக் க்ரூ கணவாயில் இருக்கும் கோரூர் குடிலில் கழிப்பறை உண்டு. பெரும்பாலான குடில்களில் அந்த மண்வெட்டிதான். நீர்நிலையிலிருந்தும் குடிலிலிருந்தும் தள்ளிப்போய்க் குழி தோண்டி மூட வேண்டும். எலிகள் நிச்சயம், உணவைப் பையோடு ஆணியில் தொங்கவிடுங்கள். கல்சுவர் குளிரைத் தேக்கி வைக்கும் என்பதால் அடுப்பு எரியாத குடில் வெளியைவிடச் சில்லென்று இருப்பதும் உண்டு. அடியில் விரிக்கும் கனத்த மேட் எடுப்பது இங்கேயும் அவசியம்.

விலை இல்லை என்றாலும் செலவு உண்டு. விறகோ கரியோ நீங்கள்தான் சுமந்து போக வேண்டும். சுற்றியுள்ள மரத்தை வெட்டுவது அந்த அமைப்பு வகுத்த குடில் நெறிக்கே விரோதம். அதைவிடப் பெரிய செலவு, கூடாரத்தையும் சுமக்க வேண்டியிருப்பது. ஆன் டெல்லக் மலைக்குத் தெற்கே இருக்கும் ஷெனவால், கோரூர் போன்ற பெயர்பெற்ற குடில்கள் கோடை வார இறுதிகளில் நிரம்பி வழியும். இரவு ஒன்பது மணிக்கு நனைந்து வந்து கதவைத் திறந்தால் தரை முழுக்க ஆட்கள். இடம் இல்லை என்று யாரும் விரட்ட மாட்டார்கள், ஆனால் இடமே இல்லாதபோது என்ன செய்வது? கூடாரம் இல்லாமல் குடிலை நம்பிப் போவதுதான் இந்த விஷயத்தில் நடக்கும் மிகப் பெரிய தவறு. இலையுதிர் காலத்து மான் வேட்டை நாட்களில் சில குடில்களைப் பயன்படுத்தக் கூடாது என்ற கட்டுப்பாடும் உண்டு. கிளம்பும் முன் அமைப்பின் அறிவிப்பைப் பாருங்கள். ஆறு பேர், அதற்கு மேற்பட்ட குழுவாகப் போவதையும் குடில் நெறி அனுமதிப்பதில்லை.

நவம்பரிலிருந்து மார்ச் வரை குடிலுக்கு நிகர் எதுவும் இல்லை. அந்தப் பதினேழு மணி நேர இருட்டில் எழுந்து நடமாட, துணி உலர்த்த, முன்பின் தெரியாதவர்களோடு தேநீர் குடிக்க ஒரு கூரை கிடைக்கிறது. வேலைநாள் இரவாகப் போனால் பெரும்பாலும் இடமும் கிடைக்கும்.

## உங்கள் நிலைமைக்கு எது

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஹைலேண்ட்ஸ் என்றால் யோசிக்கவே வேண்டாம்: நெருங்கிய வலை வைத்த கூடாரம். அடிக்கும் இடம் ஓடைப் பள்ளத்தில் வேண்டாம். காற்று தொடும் சிறு மேட்டில் அடியுங்கள். மிட்ஜும் குறையும், இரவில் ஓடை பெருகினாலும் பயமில்லை. உள்ளே நுழையும்போது வெளிக்கதவை மூடி, துணியைத் தட்டி உதறிவிட்டு, அதன் பிறகே உள்வலையைத் திறந்து ஒரே மூச்சில் புகுந்து மூட வேண்டும். கூடவே முகவலை ஒன்று; சில பவுண்டுகள்தான் விலை.

லேக் டிஸ்ட்ரிக்டும் வேல்ஸும் என்றால் மிட்ஜ் தொல்லை குறைவு, கூட்டம் அதிகம். தாழ்வான, மங்கிய பச்சை நிற ஒருவர் கூடாரம் அல்லது பிவி பை. ஸ்டைஹெட் டார்ன், ஸ்ப்ரிங்க்ளிங் டார்ன் போன்ற பெயர் தெரிந்த குளக்கரைகளை விட்டு அரைமணி நேரம் தள்ளிப் போனால் அமைதியும் கிடைக்கும், தேய்ந்துபோன அந்தப் புல்லுக்கும் ஓய்வு கிடைக்கும்.

டார்ட்மூரில் எதுவும் சரி. உரிமை முதுகில் சுமந்து போகும் சிறு கூடாரத்துக்குத்தான், குடும்பக் கூடாரத்துக்கோ வேனுக்கோ அல்ல. பெரிய மழைக்குப் பிறகு அங்கே தரைதான் பிரச்சினை. பச்சைப் பசேலென்று மெத்தை மாதிரித் தெரியும் பாசி நிலத்தில் கால் வைத்து அழுத்திப் பாருங்கள். தண்ணீர் ஊறினால் வேறிடம்.

இருவராகப் போகிறீர்கள் என்றால் கணக்கு மாறிவிடும். 2 கிலோ இருவர் கூடாரத்தைத் துணி ஒருவர், கம்பியும் முளையும் ஒருவர் என்று பிரித்தால் ஆளுக்கு 1 கிலோ; பிவி பையின் எடைச் சலுகை அங்கேயே காணாமல் போகிறது.

பணம் குறைவு என்றால் புதுக் கூடாரத்துக்கு அவசரப்பட வேண்டாம். இரண்டாம் கையாக நல்ல கூடாரம் வாங்குங்கள், ஆனால் வாங்கும் முன் விரித்துக் காட்டச் சொல்லுங்கள். வெளித்துணியின் உட்பூச்சில் விரலைத் தேய்த்துப் பாருங்கள்: பிசுபிசுவென்று ஒட்டினாலோ, புளித்த வாடை வந்தாலோ, பூச்சு உரிந்து வெள்ளைச் செதில் விரலில் வந்தாலோ வேண்டாம். கம்பிக்குள் ஓடும் மீள்கயிறு தொய்ந்திருந்தால் பரவாயில்லை, மாற்றிக்கொள்ளலாம். ஜிப் பல் விட்டு ஓடினால் ஜூலையில் ஹைலேண்ட்ஸுக்கு அதை எடுத்துப் போகாதீர்கள்.